விட்டா அஞ்சு புள்ளி

அண்ணாச்சி, இந்த டயர்ல பஞ்சர் இல்ல.

ட்யூப தொட்டித் தண்ணியில முக்கி நாலு சுத்து சுத்திட்டேன். ஒரு கொமிழ் வரல. நீங்களே வால்வ அமுக்கி காத்த எறக்கிவிட்டுட்டு வண்டிய உருட்டிட்டு வந்திருக்கீக. இருக்கட்டும், இருக்கட்டும், நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல. இந்தக் கடைக்கு அப்பிடி வாரவுக ரெண்டே வகை. ஒண்ணு போலீசு. இன்னொண்ணு மாப்பிள்ள விசாரிக்க வாரவுக. போலீசா இருந்தா இந்நேரம் ரெண்டு டீ சொல்லச் சொல்லியிருப்பீக. சட்டப் பையில மஞ்ச தடவுன கவரு வேற எட்டிப் பாக்குது. ஆடி மாசத்துல கெளம்பி வந்திருக்கீகன்னா பொண்ணு வீட்டுல அவசரம்போல.

யாரப் பத்திக் கேக்கணும்? எதுத்த கடையா? மோட்டார் காயில் கட்டறவனா? மாரிக்கண்ணன்.

நல்ல எடமாப் பாத்து விசாரிக்க வந்தீக போங்க. அவன் எங்க அக்கா மகன். நான் தாய்மாமன். குருவையா. போர்டுல பாதி அழிஞ்சிருக்கும், 'வையா பஞ்சர் கடை'ன்னு தெரியும்.

எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. தாய்மாமன்கிட்ட கேட்டா நல்லதத்தான் சொல்லுவான், கேட்டு என்ன புண்ணியம்னு எந்திரிக்கீக, எனக்குத் தெரியுது. ஒக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு மூணு காலுதான் சரியா இருக்கும், செவத்தோட சாஞ்சுக்கங்க. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த கெடையாது. இன்னையோட இருவத்தி ரெண்டு நாளாச்சு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவன் கடையத் தொறந்தா நான் இந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்துக்குவேன். அதனால தைரியமா கேளுங்க. நல்லதா ஒரு வார்த்த எங்கிட்ட இருந்து வராது.

அதுக்கு முன்னாடி மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. வந்ததுல இருந்து என் மேலுதட்டையே பாக்கீக. மீச இருந்த எடந்தான். இருவது வருசமா இருந்துச்சு, ரெண்டு பக்கமும் கன்னத்த தொட்டுக்கிட்டு. இப்பப் பாத்தா உரிச்ச வெங்காயமாட்டம் இருக்கு, எனக்கே தெரியும். கண்ணாடி பாக்கறத விட்டுட்டேன். அதுக்கும் உங்க மாப்பிள்ளதான் காரணம்.

கிரிக்கெட்டு பாப்பீகளா? பாக்காட்டியும் பரவால்ல, சொல்றேன். காத்து அடைக்கிற வரைக்கும் கேளுங்க. காத்து நான் மெதுவாத்தான் அடைப்பேன்.

இங்க ஸ்கூல் கிரவுண்டுல வருசா வருசம் சித்திரையில இருந்து ஆனி முடிய, ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடக்கும். எட்டு டீமு. எல்லாம் நம்ம ஊர்ப் பயலுகதான், கொத்தனாரு, லோடுமேனு, வாத்தியாரு, எல்லாரும் ஆடுவாங்க. நாங்க நாலு பேரு ஆட மாட்டோம். முட்டி போயிருச்சு. செண்பகராஜோட சலூன்ல ஒக்காந்து பேப்பர்ல ஆடுவோம். ஆளுக்கு அஞ்சு பிளேயர எடுத்துக்கணும், ஒருத்தன் எடுத்த ஆள இன்னொருத்தன் எடுக்கக் கூடாது, அவங்க ஆடறதுக்கு நமக்குப் புள்ளி. இப்ப போன்ல எல்லாப் பயலும் ஆடுதானே, அதேதான். எங்களுக்குப் போனு கெடையாது, சலூன் செவத்துல சார்ட்டு பேப்பரு.

மொதல்ல எல்லாரையும்போல ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு இருவதுன்னு வச்சிருந்தோம். சப்புன்னு இருந்துச்சு. நல்லா ஆடறவன் யாருன்னு ஊருக்கே தெரியும், அவன மொதல்ல எடுத்தவன் ஜெயிச்சான். இதுல மூளைக்கு என்ன வேல? அப்பத்தான் செண்பகராஜ் ஒருத்தன் தாடையில நுரையத் தடவிக்கிட்டே சொன்னான், 'இனிமே கோணலா வைப்போம்வே. எவன் தப்புப் பண்றானோ அவனுக்குத்தான் புள்ளி.'

அண்ணாச்சி, அன்னைக்கு ஒரு மணி நேரம் ஒக்காந்து சட்டம் போட்டோம் பாருங்க. அந்த நுரைக்காரன் தாடை காஞ்சு போயி அவனே தொடச்சிட்டுப் போயிட்டான்.

கேட்ச்ச விட்டா அஞ்சு புள்ளி. முட்டை அடிச்சா எட்டு. வைடுக்கு ஒண்ணு. கூட ஓடறவன ரன் அவுட்டாக்கி விட்டா பத்து. விழுந்து பொரண்டும் பந்த விட்டா மூணு. பந்தக் கொண்டுபோயி கெணத்துல போட்டா ஆறு. அம்பயர்கிட்ட சண்டைக்குப் போனா நாலு, சட்டையக் கழட்டிட்டுப் போனா ஏழு. சூரியன் கண்ணுல அடிச்சிருச்சுன்னு சொன்னா ரெண்டு, மேகமா இருக்கும்போது சொன்னா அஞ்சு. தப்பித் தவறி நல்லது பண்ணிட்டா கொறையும். கேட்ச்ச புடிச்சா மைனஸ் மூணு. நூறு ரன் அடிச்சாலும் ஒண்ணும் கெடையாது. எங்க சார்ட்டுல அவன் வெறும் ஆளு.

இத கேக்க லேசா இருக்கும். ஆடிப் பாத்தாத்தான் கஷ்டம் தெரியும். மொத வருசம் எல்லாரும் என்ன பண்ணாங்க, ஊர்லயே மட்டமா ஆடறது யாருன்னு பாத்துப் பாத்து எடுத்தாங்க. ரெண்டாவது ஞாயித்துக்கெழம என்ன ஆச்சு? மட்டமா ஆடறவன எவன் ஆட விடுவான்? ஒக்கார வச்சுட்டாங்க. ஓரத்துல தண்ணி பாட்டிலப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கறவன் எங்கிட்டு கேட்ச்ச விட? எங்க நாலு பேருல ரேஷன் கடை பொன்னையா எடுத்த அஞ்சு பேரும் ஒரே வரிசையா பெஞ்சுல ஒக்காந்திருந்தாங்க. பாக்க பிரசவ ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருந்துச்சு.

நான் அஞ்சாப்பு. அதையும் ரெண்டு தடவ படிச்சேன், நல்லாப் பதியட்டும்னு. ஆனா இந்த விசயம் எனக்குத்தான் மொதல்ல புடிபட்டுச்சு. ஆளு மட்டமாவும் இருக்கணும், அவன வெளிய ஒக்கார வைக்கவும் முடியக் கூடாது. அப்பிடி யாரு? பேட்டு யாரோடதோ அவன். பனியன் வாங்கிக் குடுத்தவனோட மச்சினன். லைன்வீடு டீமு கேப்டன் இருக்கானே, அவனே ஓவருக்கு நாலு வைடு போடுவான், கேப்டன யாரு நிப்பாட்டுறது? நான் அப்பிடி அஞ்சு பேர எடுத்தேன். ரெண்டு வருசம் நான்தான் ஜெயிச்சேன். சலூன் கண்ணாடி மேல சிவப்புப் பெயிண்ட்ல 'சாம்பியன் குருவையா'ன்னு எழுதியிருந்துச்சு. சேவிங் பண்ண ஒக்காந்தவன் எவனா இருந்தாலும் அண்ணாந்து அத வாசிச்சே ஆகணும். மூஞ்சிக்கு மேல என் பேரு. எனக்குன்னு வேற எங்கயும் எழுதி வைக்கல அண்ணாச்சி. குடும்பம் கெடையாது. போர்டுலயும் பாதி அழிஞ்சு போச்சு.

ஜெயிச்சவன் சொல்ற ஆளு மீசைய எடுக்கணும், அது பந்தயம். ரெண்டு வருசமும் நான் செண்பகராஜத்தான் சொன்னேன். ஊருக்கெல்லாம் மீச வெட்டறவன் தன் மீசையத் தானே எடுக்கணும். அதுல ஒரு ருசி.

இந்த வருசம் மூணு பேரும் உசாராயிட்டாங்க. பேட்டு வச்சிருக்கறவன், கேப்டன், மச்சினன் எல்லாத்தையும் எனக்கு முன்னாடி புடிச்சிட்டாங்க. நான் அதவிட மேல யோசிச்சேன். ஒரு வேலையில கெட்டிக்காரனா இருக்கணும், இன்னொரு வேலையில கையாலாகாதவனா இருக்கணும். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காக எறக்கித்தான் ஆகணும், எறக்குனா மத்தது வந்துதான் ஆகும்.

என் மொத ஆளா மாரிக்கண்ணன்னு சொன்னேன். சலூனே சிரிச்சுச்சு. 'ஏ குருவையா, அவன் நாப்பது அம்பது அடிக்கிறவன்டா, ரன்னுக்குப் புள்ளி கெடையாது, மறந்துட்டியா?'ன்னான் பொன்னையா. மீசையத் தடவிக்கிட்டேன்.

அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவனுக்கு எடது கையில மோதிர வெரலும் சுண்டு வெரலும் மடங்காது. காயில் சுத்தும்போது பாத்தீகன்னா மூணு வெரல்லயே வேலைய முடிப்பான், ஒருத்தருக்கும் தெரியாது. பேட்டுப் புடிக்கவும் அது போதும். ஆனா பந்து ஒசரத்துல இருந்து எறங்கி வந்தா, ரெண்டு கையையும் குமிச்சுப் புடிக்கணும்ல, அந்த ரெண்டு வெரலும் வெளிவாசல் கதவாட்டம் தொறந்தே நிக்கும். பந்து அது வழியா போயிரும். ஊரு என்ன நெனச்சுச்சுன்னா பய சோம்பேறி, கேட்ச்சுன்னா மெதப்பா இருப்பான்னு. உள் விசயம் எனக்கு மட்டுந்தான்.

எப்பிடின்னு கேக்கீகளா? வெரலுக்கா? அது பழைய கத. அத விடுங்க.

மொத ஞாயித்துக்கெழம ரெண்டு விட்டான். பத்து. அடுத்த வாரம் ஒண்ணு விட்டான், ஒண்ணு விழுந்து பொரண்டு விட்டான். எட்டு. சார்ட்டுல என் கோடு பனமரமா ஏறுது. செண்பகராஜ் மூஞ்சியில எண்ண வடியுது. நாலாவது வாரம் மாரிக்கண்ணன் டீமு கேப்டன் ஜெபராஜ் முழிச்சுக்கிட்டான். அவன லாங் ஆன்ல, தூரத்துல எல்லக்கோட்டு ஓரமா கொண்டுபோயி நிறுத்திட்டான், எங்க கிரவுண்டுல அங்கிட்டு பந்தே வராது. நாலாவது வாரம் பூச்சியம். அஞ்சாவது வாரம் பூச்சியம்.

நான் சும்மா இருப்பேனா? ஆறாவது வாரம் காலையில எதிர் டீமு கேப்டன் வண்டிக்கு காத்தடிக்க வந்தான். லைன்வீட்டுக்காரன். காத்தடிச்சுக்கிட்டே ஒரு வார்த்த சொன்னேன், 'தம்பி, லாங் ஆன் பக்கம் தூக்கி அடிங்க. அவன் எடது கைப் பக்கமா. பந்து நிக்காது.' அம்புட்டுத்தான். இது தப்பா? இது திட்டம். பந்து வராத எடத்துல ஆள வச்சா, ஆளு இருக்கற எடத்துக்குப் பந்த வரவைக்கணும்.

அன்னைக்கு மூணு விட்டான் அண்ணாச்சி. வரிசையா மூணு. மொதல்ல விட்டதும் நாங்க சிரிச்சோம். ரெண்டாவது பந்து மேல போகும்போதே பெஞ்சுல நின்னு 'விடு மாப்ள, விடு மாப்ள'ன்னு நான் கத்துனேன். அதப் பாத்து கிரவுண்டே கத்த ஆரம்பிச்சிருச்சு. மூணாவது பந்துக்கு அவன் டீமுக்காரங்களே ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. பதினஞ்சு புள்ளி. என் வாழ்க்கையில அப்பிடி ஒரு ஞாயித்துக்கெழம வந்ததில்ல.

அன்னைக்குத்தான், உங்களுக்கு முன்னாடி, சாத்தூர்ல இருந்து அவனுக்குப் பொண்ணு குடுக்க ஆளு வந்திருந்தாகளாம். எனக்கென்ன தெரியும்? வெள்ளச்சட்ட போட்டு ரெண்டு பேரு கேட்டுப் பக்கம் நின்னாக. டோர்னமெண்ட்டுக்கு கப்பு குடுக்க வந்தவுகன்னு நெனச்சு நான் கும்பிடு வேற போட்டேன். ஜாதகம் பொருந்தி, பொண்ணும் பையனும் கோயில்ல பாத்துப் பேசி, எல்லாம் முடிஞ்சிருச்சு. பையன் வேல வெட்டிய நேர்ல பாத்துட்டு, தாம்பூலம் மாத்த நாள் குறிக்கலாம்னு வந்திருக்காக. வந்து பாத்தா ஊரே ஒருத்தன நிக்கவச்சு சிரிக்குது. பக்கத்துல நின்ன எவன்கிட்டயோ கேட்டிருக்காக, அந்தப் பையன் கையில என்ன கோளாறுன்னு. பதில் சொல்றவன் சும்மா இருப்பானா? 'குடிச்சிட்டு வண்டியில இருந்து விழுந்தான்'ன்னு ஒருத்தன், 'இல்ல இல்ல, நரம்பு வியாதி, அவங்க அப்பனுக்கும் இருந்துச்சு'ன்னு இன்னொருத்தன். வண்டியில விழுந்தேன்னு இவனே ஊர்ல சொல்லி வச்சது. குடிச்சிட்டுங்கறத ஊரு சேத்துக்கிருச்சு. அவுக அப்பிடியே பஸ் ஏறிட்டாக.

மறுநாள் எங்க அக்கா பாக்கியத்தாய் கடைக்கு வந்துச்சு. அந்த ஸ்டூல்லதான் ஒக்காந்துச்சு, நீங்க ஒக்காந்திருக்கீகள்ல, அதே ஸ்டூலு. நான் ஒரு லாரி டயர கம்பியால நெம்பிக்கிட்டிருந்தேன்.

'நீ கத்துனியாடா?'ன்னு கேட்டுச்சு.

'எல்லாருந்தான் கத்துனாங்க'ன்னேன்.

'நீ கத்துனியா?'

'அக்கா, அது வெளையாட்டு. ஒனக்கு வெளங்காது. மூணுக்கும் சேத்து பதினஞ்சு புள்ளி.'

எந்திரிச்சுப் போயிருச்சு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தூக்குவாளியில எனக்குக் கறிக்கொழம்பு வரும், எங்க அம்மா செத்த வருசத்துல இருந்து ஒரு வாரம் தப்பினதில்ல. அதோட நின்னுபோச்சு. ஒரு வெளையாட்டுக்கு இப்பிடி ஒரு பொம்பள மனசுல வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.

அவன் என்ன பண்ணான்? அதத்தான் சொல்ல வாறேன். அவன் ஒண்ணும் பண்ணல. அதுதான் அவன்கிட்ட கெட்ட கொணம். அந்த வாரம் சலூனுக்கு முடி வெட்ட வந்தான். நாங்க நாலு பேரும் இருந்தோம். ஒக்காந்த எடத்துக்கு நேர் பின்னாடி செவத்துல சார்ட்டு. அவன் பேரு மேல இருக்கு, பேருக்கு நேரா கட்டம் கட்டமா அஞ்சு, அஞ்சு, மூணு, அஞ்சு. கடைசியில, அவன எடுத்தவன் பேருங்கற எடத்துல 'குருவையா'. கண்ணாடியில அத எடவலம் மாறித்தான் பாத்திருப்பான், ஆனா ரொம்ப நேரம் பாத்தான். செண்பகராஜ் கத்திரிய நிறுத்திட்டான். இவன் என்ன கேட்டான்கறீக? 'காது பக்கம் இன்னும் கொஞ்சம் கொறைங்கண்ணே.' அம்புட்டுத்தான். என்னைய ஒரு வார்த்த திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன், கணக்கு நேராயிருக்கும்.

இறுதி ஆட்டத்துக்கு மொத நா, நானே ரோட்டத் தாண்டி அவன் கடைக்குப் போனேன். எனக்கு எழுவத்தி நாலு. அதாவது, அவன் ஒருத்தன்கிட்ட இருந்தே எழுவத்தி நாலு, ஆறாவது வாரத்துக்கு அப்பறம் எல்லா டீமும் அங்கிட்டே தூக்கி அடிச்சாங்க. மத்த நாலு பேரோடயும் சேத்து செண்பகராஜவிட நான் ரெண்டு பின்னால. செண்பகராஜ் கத்தியத் தீட்டிக்கிட்டு என் மீசையையே பாக்கான்.

மோட்டார் ஒண்ணப் பிரிச்சுப் போட்டு ஒக்காந்திருந்தான். தலைய நிமித்தல.

'மாப்ள, நாளைக்கு ஒண்ணே ஒண்ணு விட்ரு.'

'எத்தன புள்ளி மாமா?'

'அஞ்சு.'

'இது வரைக்கும் எங்கிட்ட எத்தன எடுத்தீக?'

'எழுவத்தி நாலு.'

'பத்தலையா?'

'பத்தல'ன்னேன். உண்மையச் சொல்றதுல என்ன இருக்கு?

செப்புக் கம்பிய மூணு வெரல்ல சுத்திக்கிட்டிருந்தான். சரின்னு சொல்றான்னு நான் எடுத்துக்கிட்டேன். இது வரைக்கும் நான் கேட்டு அவன் இல்லைன்னு சொன்னதே கெடையாது அண்ணாச்சி. சின்னதுல இருந்தே.

மறுநா கடைசி ஓவரு. எல்லாம் அப்பிடியே நிக்குது, செண்பகராஜுக்கு ரெண்டு மேல. ஒரு பந்து தூக்கி அடிச்சான் லைன்வீட்டுக்காரன், நான் சொல்லிக் குடுத்த பயதான், நேரா லாங் ஆனுக்கு. நல்ல ஒசரம். எனக்கு உடம்பெல்லாம் குளுந்துபோச்சு. விட்டா அஞ்சு, நான் சாம்பியன். மாரிக்கண்ணன் பின்னால ஓடுதான், பந்தப் பாத்துக்கிட்டே ஓடுதான். நான் கத்தல. அன்னைக்கு நான் கத்தவே இல்ல, வேணும்னா பொன்னையாவக் கேளுங்க.

எடது கைய அவன் நீட்டவே இல்ல. வலது கைய மட்டும் வளச்சு, நெஞ்சோட சேத்து, கைப்புள்ளைய வாங்கற மாதிரி வாங்கிட்டான். கீழ விழுந்தான். பந்து விழல. எந்திரிச்சு ஆடவும் இல்ல, குதிக்கவும் இல்ல. பந்த எடுத்து பௌலர்கிட்ட எறிஞ்சிட்டு எங்க பெஞ்சப் பாத்தான். பாத்துட்டுத் திரும்பிட்டான்.

மைனஸ் மூணு.

அப்பறம் கிரவுண்டு வாட்ச்மேன் சொல்லித் தெரியுது, சாத்தூர் ஆளுக வந்துட்டுப் போனதுல இருந்து தெனம் காலையில ஆறு மணிக்கு வந்து ஸ்கூல் செவத்துல பந்த அடிச்சு அடிச்சு ஒத்தக் கையில புடிச்சுப் பழகியிருக்கான். நாப்பது நாளு. எனக்குத் தெரியாம. சொந்தத் தாய்மாமன் முதுகுக்குப் பின்னால. இது துரோகமா இல்லையா? வெரல நம்பி நான் ஆள எடுத்திருக்கேன், இவன் வெரலே வேணாம்னு ஒரு வழியக் கண்டுபுடிச்சு வச்சிருக்கான்.

அந்தக் கேட்ச்சுல அவன் டீமுதான் கப்ப எடுத்துச்சுங்கறதே எனக்கு அப்பறம் அவன் கழுத்துல மாலயப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுச்சு.

அன்னைக்குச் சாயந்தரமே சலூன்ல என்னைய ஒக்கார வச்சாங்க. கண்ணாடிக்கு மேல என் பேர மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சாச்சு. செண்பகராஜ் சோப்புப் போடாம கத்திய வச்சான். தெருவே வாசல்ல நின்னு சிரிக்குது. சிரிக்கட்டும், நான் எத்தன பேரப் பாத்துச் சிரிச்சிருப்பேன். அவனும் வந்திருந்தான். வாசப்படியில நின்னான், கழுத்துல மால இன்னும் கெடக்கு. எல்லாரும் சிரிச்சாங்க அண்ணாச்சி, அவன் மட்டும் சிரிக்கல. அதுதான் எனக்கு ஆத்திரம். நீ ஜெயிச்சிட்டேல, சிரிச்சிட்டுப் போ. எதுக்கு அப்பிடிப் பாக்கணும்? செண்பகராஜ் முடிச்சதும் கொடியில கெடந்த துண்ட எடுத்து எங்கிட்ட நீட்டுனான். அந்த எடது கையால. நான் வாங்கல. சட்டையிலயே தொடச்சிட்டு வந்துட்டேன்.

இதுதான் உங்க மாப்பிள்ள. கேட்டுக்கிட்டீகளா? மாமன் மீசைய எடுத்த பய. பொறுமையா இருக்கற மாதிரி இருப்பான், கடைசியில கைய விரிச்சிருவான். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.

இந்தாங்க, காத்து ஆச்சு. முப்பத்தஞ்சு பவுண்டு வச்சிருக்கேன். கெளம்புங்க.

என்ன?

வெரலா? அதத்தான் கேக்க வந்தீகளா? இம்புட்டு நேரம் நான் பேசுனதெல்லாம் கேட்டுட்டு அத ஒண்ணத்தான் கேக்கீக. குடிச்சு விழுந்ததா, வியாதியான்னு, ஊர்ப்பேச்சு உங்க காதுக்கும் வந்திருக்கு. அவனையே கேக்க வேண்டியதுதான?

கேட்டீகளா. என்ன சொன்னான்?

எங்க மாமா கடையில கேளுங்கன்னா? எந்த மாமா? என்னையவா? பேரச் சொன்னானா, இல்ல கையக் காட்டுனானா? எப்ப சொன்னான், இன்னைக்கா? சிரிச்சுக்கிட்டுச் சொன்னானா?

அப்பறம் எதுக்கு அண்ணாச்சி காத்த எறக்கிவிட்டு வந்தீக. நேரா வர வேண்டியதுதான.

கொஞ்சம் இருங்க. அந்தத் தண்ணிய எடுங்க.

அவன் குடிக்க மாட்டான். சோடா குடிச்சாலே மூக்குல ஏறும் அவனுக்கு. வியாதியும் கெடையாது, அவங்க அப்பா நெஞ்சு வலியில போனாரு, கை காலெல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. வண்டியிலயும் விழல.

இதே எடந்தான். இந்தத் தொட்டி அப்ப அந்தப் பக்கம் இருந்துச்சு. பதினோரு வருசம் ஆச்சு. அவனுக்கு இருவது வயசு, ஐடிஐ லீவு, சும்மா பேசிக்கிட்டிருக்க வந்தான். ஒரு மணல் லாரி, பின் சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்குனா அச்சுக்கு அடியில கட்டை வைக்கணும். ஜாக்கிய மட்டும் நம்பி எவனும் கைய உள்ள விட மாட்டான். எந்தப் பஞ்சர் கடைக்காரனக் கேட்டாலும் மொதல்ல இதத்தான் சொல்லுவான். கட்டை என் கையிலதான் இருந்துச்சு. அப்ப டிரைவர்கிட்ட ஒரு கத சொல்லிக்கிட்டிருந்தேன். நல்ல கத. சிரிப்பு வர்ற எடம் நெருங்கிருச்சு. அதச் சொல்லிட்டு வைப்போம்னு அந்தப் பக்கம் திரும்புனேன். கட்டைய வச்சாச்சுன்னு நெனச்சு அவன் கைய உள்ள விட்டான், ஜாக்கி சாஞ்சிருச்சு.

அந்தக் கத என்னன்னு எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். வர மாட்டேங்குது.

ஆஸ்பத்திரியில அக்கா வந்து நிக்குது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவனே சொல்லிட்டான், 'வண்டியில விழுந்துட்டேம்மா'ன்னு. நான் சொல்லச் சொல்லல. அவனாச் சொன்னான். நானும் சரின்னு இருந்துட்டேன். அப்பிடியே இருந்து இருந்து பதினோரு வருசம். சாத்தூர்க்காரவுக வந்துட்டுப் போனப்பவாவது சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அக்கா ஸ்டூல்ல வந்து ஒக்காந்துச்சே, அப்ப தெரிஞ்சிருச்சு, இன்னும் சொல்லல.

எழுதிக்கங்க. எழுத மாட்டீகளா, சரி, போயி பொண்ணோட அப்பாகிட்ட சொல்லுங்க. ஜாக்கி நழுவி அடிபட்டது. கட்டை வைக்காதது குருவையா. கேட்டா நானே வந்து சொல்றேன். அக்காகிட்ட நீங்க சொல்ல வேணாம். அத நான் பாத்துக்கறேன். பாக்கணும்.

அவன் நல்ல பய அண்ணாச்சி. இத நான் சொன்னேன்னு அவன்கிட்ட போயிச் சொல்லாதீக.

எங்க, அதுக்குள்ள வண்டிய எடுக்கீக? ஒரு விசயம் கேக்க மறந்துட்டேன். மணவறையில மாலய எடுத்துக் குடுக்க தாய்மாமன் நிக்கணும்ல. அவனுக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான். கூப்பிடுவாகளா என்னான்னு தெரியல, கூப்பிடாட்டியும் ஊரு கேக்கும்ல, கூப்பிடத்தான் செய்வாக. முகூர்த்தம் எப்ப வைக்கிறதா இருக்கீக? ஆவணியிலயா?

ஆவணி வேணாம் அண்ணாச்சி. ஆவணியில மீச அரையும் கொறையுமாத்தான் மொளச்சிருக்கும். ஐப்பசின்னா சரியா இருக்கும்.